தாளின் கனம் தேய்ந்த குழாய்: ஸ்லரி அடர்த்தி அளவீட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

சுரங்கம் தோண்டும் வேலையில் 636-ஆவது ரிங் (சுரங்கச் சுவரின் ஒரு கான்கிரீட் வளையம்) முடிந்தபோது திரையில் மண் கணக்கு, அதாவது வெட்ட வேண்டிய மண்ணில் எவ்வளவு வெளியே வந்தது என்பது, 104 விழுக்காடு என்று வந்தது. அதற்கு முந்தைய ரிங்கில் 93தான். ஒரு வாரமாக 100, 98, 96 என்று மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்த கோடு மறுபடி நூற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று அந்த ஷிப்டில் இருந்த எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். கோளாறு தொடங்கியதே அந்த ரிங்கில்தான் என்பது 5 ரிங் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் சாலைக்கு அடியில் ஏறத்தாழ 30 கன மீட்டர் மண் அதிகப்படியாக வெளியே வந்துவிட்டது.

கடலோர நகரம் ஒன்றில், போக்குவரத்து நிறைந்த சாலைக்குக் கீழே நடந்த வேலை அது. அங்கே ஸ்லரி பிளான்ட்டை, அதாவது சுரங்கத்திலிருந்து வரும் குழம்பிலிருந்து மண்ணைப் பிரிக்கும் ஆலையை, பார்த்துக்கொள்ளும் பொறியாளராக இருந்தேன். நிறுவனத்தையும் வழித்தடத்தையும் பெயர் சொல்லப் போவதில்லை. அளவீட்டில் நடந்த தவறு எந்தத் தளத்திலும் நடக்கக்கூடியது. அதைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

இயந்திரமும் நிலமும்

6.6 மீட்டர் விட்டத்தில் வெட்டும் ஸ்லரி (குழம்பு) வகை டிபிஎம், அதாவது சுரங்கம் துளைக்கும் இயந்திரம். சுரங்கத்தின் தலைக்கு மேலே 14 மீட்டர் மண், தரையிலிருந்து இரண்டரை மீட்டரிலேயே நிலத்தடி நீர். ஒரு ரிங் 1.4 மீட்டர் நீளம். ஆக, ஒரு ரிங்குக்கு நிலத்தில் இருந்தபடி 47.9 கன மீட்டர் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இந்த வகை இயந்திரத்தில் வெட்டும் முகப்பைத் தாங்கிப் பிடிப்பது பென்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த குழம்பு. எங்களுக்கு வந்தது குஜராத்தின் கட்ச் பகுதிப் பென்டோனைட். அழுத்தத்தோடு முகப்பில் நிற்கும் குழம்பு மணலின் இடுக்குகளில் நுழைந்து ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. அந்தத் தோலின் மேல்தான் அழுத்தம் வேலை செய்கிறது. வெட்டிய மண்ணைச் சுமந்து வெளியே கொண்டு போவதும் அதே குழம்புதான். பிரிட்டனில் ஜான் பார்ட்லெட் 1964-இல் காப்புரிமை பெற்ற யோசனை. அடிப்படை இன்றும் மாறவில்லை.

ஃபீட் லைன் வழியாகச் சுத்தக் குழம்பு உள்ளே போகும். டிஸ்சார்ஜ் லைன் வழியாக மண் கலந்த குழம்பு தரைக்கு வரும். பிளான்ட்டில் சல்லடை, சைக்ளோன், ஃபில்டர் பிரஸ் எல்லாம் மண்ணைப் பிரித்தெடுத்தபின் குழம்பு மறுபடி உள்ளே போகும். மண் அழுத்தச் சமநிலை இயந்திரம் என்ற இன்னொரு வகையில் வெட்டிய மண் கன்வேயரில் கண்ணெதிரே போகும், எடை போடலாம். ஸ்லரி இயந்திரத்தில் அது குழாய்க்குள் ஒளிந்துகொண்டு போகிறது. எவ்வளவு மண் வந்தது என்று தெரிய ஒரே வழி, இரண்டு குழாயிலும் ஓட்டத்தையும் அடர்த்தியையும் அளந்து கழித்துப் பார்ப்பதுதான்.

600-ஆவது ரிங் வரை முகப்பு முழுவதும் மணல். அதற்குப் பிறகு அடியில் பாறை தலைகாட்டத் தொடங்கியது. கீழே கல், மேலே நீர் ஊறிய மணல். சுரங்க வேலையில் இதைவிடக் கெட்ட முகப்பு குறைவு. பாறையை வெட்ட கட்டர்ஹெட் (இயந்திரத்தின் முன்னால் சுற்றும் வெட்டுத் தலை) சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், முன்னேற்றமோ பாதியாகக் குறைந்துவிடும். மேலே இருக்கும் மணலுக்கு அவ்வளவு நேரமும் உரசல். தோல் உருவாவதும் கிழிவதுமாக இருக்கும். அழுத்தம் கொஞ்சம் தளர்ந்தால் மணல் உதிர்ந்து உள்ளே வரும். உதிர்ந்த இடத்தில் பொந்து. அந்தப் பொந்து மேல்நோக்கி ஏறும்.

கணக்கு எவ்வளவு மெல்லியது

வேலைக்கு வரும் இளம் பொறியாளர்களிடம் நான் முதலில் போடச் சொல்லும் கணக்கு இது. குழம்பில் உள்ள மண்துகளின் கன அளவு = ஓட்டம் × (அடர்த்தி − 1) ÷ 1.65. தண்ணீரின் அடர்த்தி 1, துகளின் அடர்த்தி 2.65 என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 1.65. வெளியே வரும் துகளிலிருந்து உள்ளே போகும் துகளைக் கழித்தால் வெட்டிய மண்.

கலப்பு முகப்பில் நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டர் வேகம். மணிக்கு 30.8 கன மீட்டர் நிலம் வெட்டப்படுகிறது. அதில் முக்கால் பங்கு துகள் என்றால் 23.1 கன மீட்டர். டிஸ்சார்ஜ் ஓட்டம் மணிக்கு 1000 கன மீட்டர், ஃபீட் 969. உள்ளே போகும் குழம்பு 1.10. வெளியே வருவது எவ்வளவாக இருக்க வேண்டும்? 1.135.

இரண்டுக்கும் வித்தியாசம் 0.035. மலையைக் குடைந்து மண்ணை வாரி வெளியே தள்ளுகிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் குழாயில் தெரிவது இரண்டாம், மூன்றாம் தசம இடங்களில் நடக்கும் அசைவு. டிஸ்சார்ஜ் அளவியில் 0.01 பிழை வந்தால் மணிக்கு 6 கன மீட்டர் துகள் தவறிப்போகும், அதாவது கணக்கில் 26 விழுக்காடு. முழு மணலில் நிமிடத்துக்கு 30 மில்லிமீட்டர் போகும்போது வித்தியாசம் 0.06. அப்போது அதே 0.01 பிழை 15 விழுக்காடு. மெதுவாகப் போகப் போக, அதாவது ஆபத்து கூடக் கூட, அளவீட்டின் கண் மங்கிக்கொண்டே போகும். இதை எங்கள் தளத்தில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. எச்சரிக்கை எல்லை எல்லா நிலத்துக்கும் ஒன்றே, கூட்டல் கழித்தல் 10 விழுக்காடு.

ஓட்டமானியின் பிழை இந்த அளவு கடிப்பதில்லை. டிஸ்சார்ஜ் ஓட்டம் அரை விழுக்காடு தப்பினால் துகள் கணக்கு 2 விழுக்காட்டுக்குள்தான் மாறும். இரண்டு ஓட்டத்தையும் நேரடியாகக் கழித்து வெட்டிய கன அளவைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் மட்டும் அதே அரை விழுக்காடு 5 கன மீட்டராகி 16 விழுக்காட்டுப் பிழையில் கொண்டுபோய் விடும். அதனால் துகள் கணக்கையே நம்பினோம். துகள் கணக்கின் உயிர் அடர்த்தியில் இருக்கிறது.

அளவி எதைப் பார்க்கிறது

இரண்டு லைனிலும் காமா கதிர் அடர்த்திமானிகள். குழாயின் ஒரு பக்கம் ஈயக் கூட்டுக்குள் சீசியம்-137, எதிர்ப்பக்கம் கதிரை எண்ணும் உணரி. இடையில் பொருள் அடர்த்தியாக இருந்தால் குறைவான கதிர் வந்து சேரும். குழம்பைத் தொடாமலேயே அளக்கிறது, கல் வந்து மோதினாலும் உடைய ஒன்றுமில்லை. அதனால்தான் டிபிஎம்களில் இதுவே பழகிப்போனது. சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் ஆண்டுக்கு 2.3 விழுக்காடு எண்ணிக்கை தானாகக் குறையும். கருவி அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

ஆனால் கதிர் குழம்பை மட்டும் கடந்து வருவதில்லை. இரண்டு பக்கமும் குழாயின் இரும்புச் சுவரைக் கடக்கிறது. 300 மில்லிமீட்டர் குழாயில் குழம்பின் அடர்த்தி 0.01 கூடினால் எண்ணிக்கை சுமார் 2 விழுக்காடு குறையும். இரும்பில் 1 மில்லிமீட்டர் தேய்ந்து அந்த இடத்தில் குழம்பு நிரம்பினால் எண்ணிக்கை சுமார் 5 விழுக்காடு கூடும். கருவிக்கு இரும்பு எது, குழம்பு எது என்று தெரியாது. அடர்த்தி 0.022 குறைந்துவிட்டது என்று சொல்லும்.

எங்கள் டிஸ்சார்ஜ் அளவி கேன்ட்ரியில் (இயந்திரத்துக்குப் பின்னால் இழுபட்டு வரும் சட்டத்தில்), ஒரு வளைவுக்கு ஒரு மீட்டர் தள்ளி, கிடைமட்டக் குழாயில் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. செங்குத்துக் குழாயில், வளைவிலிருந்து தள்ளி வைப்பதே நல்லது. கேன்ட்ரியில் இடமில்லை. வளைவைக் கடந்ததும் கல்லும் மணலும் சுவரில் மோதிக்கொண்டு வரும் இடம் அது. கிடைமட்டக் குழாயில் கனமான துகள் அடியோடு உருண்டு போகும். கதிர் கடக்கும் பாதையின் கீழ்முனை சரியாக அந்தத் தேயும் பகுதியில் இருந்தது.

640-ஆவது ரிங்கின் இரவு

பிளான்ட்டில் சல்லடைக்குக் கீழே மண் குழி. அங்கிருந்து மண்ணை அள்ளி டிப்பரில் போடுபவர் ஒரு பேலோடர் ஓட்டுநர். இருபது வருடம் கல் குவாரிகளில் ஓட்டியவர். இரவு ஒன்றரை மணிக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு லேப் கன்டெய்னர் வாசலில் வந்து நின்றார்.

"சார், மேடு சீக்கிரமா ஏறுது. ரிங்குக்கு முப்பத்தாறு பக்கெட்டு அள்ளுவேன். நேத்து ராத்திரிலேர்ந்து நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு போவுது."

"ஈரம் ஜாஸ்தியா இருக்கா, அண்ணே? தண்ணி வடியாம வருதா?"

"ஈரம் எப்பவும் போலத்தான் சார். மண்ணுதான் கூட. கல்லு இல்ல, பூரா மணலு."

கடைசி மூன்று சொற்கள்தான் எனக்கு உறைத்தன. அடியில் பாறை ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் கல் கூட வேண்டும். மணல் ஏன் கூடுகிறது?

லேப் பையன் அப்போதே டிஸ்சார்ஜ் லைனில் மாதிரி எடுத்து வந்தான். மட் பேலன்ஸ் என்பது எளிய தராசு. ஒரு முனையில் கோப்பை, மறுமுனை நோக்கி அளவு பொறித்த தண்டு, நடுவில் கத்திமுனைத் தாங்கி. கோப்பையை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திருகி அழுத்தினால் நடுத் துளை வழியாகக் கொஞ்சம் குழம்பு பிதுங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே காற்று. பையன் துளையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்தான், தாங்கியில் வைத்தான், நகரும் எடையை நெருடி நெருடி நகர்த்தி நீர்க்குமிழியை நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்தான். "ஒன்னு பதினாலு சார்." திரையைப் பார்த்தேன். 1.138.

கச்சிதமான பொருத்தம். எந்த ஆய்வாளர் வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஆனால் அந்தத் தராசின் ஒரு கோடு 0.01, அதன் துல்லியமும் அவ்வளவே. எங்களுக்குத் தெரிய வேண்டிய வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று நான்கு. மீட்டர் கோலை வைத்துத் தலைமுடியின் கனத்தை அளந்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொன்னோம்.

2 மணிக்குச் சாலையின் நில அமிழ்வுப் புள்ளிகளைப் பார்க்கும் குழுவை எழுப்பினேன். 638-ஆவது ரிங்குக்கு மேலே உள்ள புள்ளி மாலையில் 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, இப்போது 11. டிபிஎம் மேலாளரிடம் பேசினேன். 641-ஐத் தொடங்க வேண்டாம், முகப்பு அழுத்தத்தை 0.1 பார் கூட்டி அப்படியே பிடித்து வைப்போம் என்று முடிவெடுத்தார். மண் கணக்கு எல்லைக்குள் இருக்கும்போது, ஒரு பேலோடர் ஓட்டுநரின் பக்கெட் எண்ணிக்கையை நம்பி இயந்திரத்தை நிறுத்துவது லேசான முடிவு அல்ல. அந்த மேலாளரை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

விடிவதற்குள் ஒரு வழித்தடத்தை மூடி, சாலையில் துளையிட்டுப் பார்த்தோம். முதல் துளையில் ஒன்றுமில்லை. இரண்டாவது துளையில் பத்தரை மீட்டர் ஆழத்தில் கம்பி தன் எடையிலேயே 40 சென்டிமீட்டர் இறங்கியது. கம்பியைப் பிடித்திருந்தவர் கையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். சுற்றிலும் 9 முதல் 12 மீட்டர்வரை மண் தளர்ந்து கிடந்தது. பொந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது, தரைக்கு இன்னும் வரவில்லை. இரண்டு இரவில் 21 கன மீட்டர் சிமென்ட்–பென்டோனைட் கலவையைச் செலுத்தி நிரப்பினோம். சாலை உள்வாங்கவில்லை, யாருக்கும் அடிபடவில்லை.

அந்த இரண்டு இரவும் என் மனதில் இருந்தது சோஃபுதான். டோக்கியோ பெருநகரப் பகுதியில் உள்ள சோஃபு நகரில் 2020 அக்டோபர் 18 அன்று, வீடுகள் நிறைந்த தெருவில் சாலை உள்வாங்கியது. 47 மீட்டர் ஆழத்தில், 16 மீட்டர் விட்டமுள்ள இயந்திரம் கடந்து சென்ற பாதை. பின்னர் அக்கம்பக்கத்தில் நிலத்துக்கு அடியிலும் வெற்றிடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அளவுக்கு மீறி மண் எடுக்கப்பட்டதே காரணம் என்று நிபுணர் குழு சொன்னது. அது ஸ்லரி இயந்திரம் அல்ல, ஆனால் கேள்வி ஒன்றுதான்: எடுத்த மண் எவ்வளவு என்று வேலை நடக்கும்போதே தெரிந்திருக்க முடியுமா? 47 மீட்டர் ஆழத்திலிருந்தே தரைக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்கு மேலே 14 மீட்டர்தான்.

எதைத் தேடினோம், எது கிடைத்தது

முதலில் காற்றைச் சந்தேகித்தேன். குழம்பில் நூற்றில் ஒரு பங்கு காற்று கலந்தாலே அடர்த்தி 0.011 குறைவாகத் தெரியும். ஃபீட் தொட்டியில் திரும்பும் குழாய் குழம்பின் மட்டத்துக்கு மேலிருந்து கொட்டினால் நுரை கட்டும், பம்ப் அதை உறிஞ்சும். போய்ப் பார்த்தோம், குழாய் வாய் முழுகித்தான் இருந்தது. ஓட்டமானிகளைச் சோதித்தோம், பிழை இல்லை. துகள் அடர்த்தி 2.65 என்ற எண்ணை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், கணக்கு முழுவதும் சேர்ந்து நகர்ந்ததே தவிர அந்த வாரத்தின் இறக்கத்தை அது விளக்கவில்லை.

வழி பைபாஸில் கிடைத்தது. ஒரு ரிங்கைத் தள்ளி முடித்ததும் உள்ளே கான்கிரீட் துண்டுகளைப் பொருத்த முக்கால் மணி நேரம் ஆகும். அப்போது குழம்பு முகப்புக்குப் போகாது. ஃபீட் லைனில் வந்தது பைபாஸ் வால்வு வழியாக நேராக டிஸ்சார்ஜ் லைனுக்குத் திரும்பும். எங்கள் இயந்திரத்தில் இரண்டு அளவிகளும் பைபாஸுக்கு இப்புறம் இருந்தன. ஆகவே பைபாஸ் ஓடும்போது இரண்டு அளவி வழியாகவும் போவது ஒரே குழம்பு. லைனில் மிச்சமிருந்த மண் வெளியேறியபின் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அந்த வித்தியாசம் முழுக்க முழுக்கக் கருவியின் பிழை.

இந்தப் பதிவுகள் எல்லாம் கணினியில் நொடிக்கு நொடி இருந்தன. பைபாஸ் நேரத்தை "வேலை நடக்காத நேரம்" என்று அறிக்கையிலிருந்து வெட்டிவிடுவதால் யாரும் திறந்து பார்க்கவில்லை. நொடிக்கு நொடி எண்கள் தள்ளாடும், ஆனால் காமா எண்ணிக்கையில் சேரச் சேரத் தெளிவு வரும்: 10 லட்சம் எண்ணிக்கை சேர்ந்தால் தற்செயல் ஏற்ற இறக்கம் 0.1 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அடர்த்தியில் அது 0.0005. ஒவ்வொரு பைபாஸிலும் முதல் 10 நிமிடத்தை விட்டுவிட்டு அடுத்த 10 நிமிடத்தைச் சராசரி எடுத்தேன். 611-இல் வித்தியாசம் பூஜ்யம். 620-இல் டிஸ்சார்ஜ் அளவி 0.001 குறைவு. 635-இல் 0.0027 குறைவு. நூல் பிடித்ததுபோல் நேர்கோட்டில் இறங்கியிருந்தது.

0.0027 என்பது 23.1 கன மீட்டர் துகள் கணக்கில் 7 விழுக்காடு. அதாவது 100-இலிருந்து 93-க்கு இறங்கிய கோடு மண் குறைந்ததைக் காட்டவே இல்லை. மண் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது, அளவிதான் இறங்கிக்கொண்டிருந்தது. 636-இலிருந்து 640 வரை திரை காட்டிய 104 முதல் 107 வரை உண்மையில் 112 முதல் 115 வரை. ஐந்து ரிங்கையும் கூட்டினால் கிட்டத்தட்ட 32 கன மீட்டர். பேலோடர் ஓட்டுநரின் ஐந்தாறு பக்கெட்டும் அதையே சொல்லிக்கொண்டிருந்தன.

0.0027-க்கு எவ்வளவு இரும்பு தேய்ந்திருக்க வேண்டும்? 0.12 மில்லிமீட்டர். நாம் எழுதும் சாதாரணத் தாள் ஒன்றின் கனம்.

தேய்ந்ததை ஏன் பார்க்கவில்லை

கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் வந்து மூலத்தை மூடிப் பூட்டிக் கழற்றிக் கொடுத்தபின், மீயொலிக் கனமானியை வைத்து அந்தக் குழாய்த் துண்டை அளந்தோம். புதிதாகப் போடும்போது சுவர் 10 மில்லிமீட்டர். இப்போது கதிர் கடக்கும் பாதையின் கீழ்ப்பக்கம் 7.9, மேல்பக்கம் 9.7. மொத்தம் 2.4 மில்லிமீட்டர் போயிருந்தது. அடர்த்தியில் 0.053.

அவ்வளவு பெரிய பிழை எங்கே ஒளிந்திருந்தது? எங்கள் சொந்தப் பதிவேட்டில். சுரங்கம் தொடங்கியதிலிருந்து, மண் கணக்கு 90-க்குக் கீழே போகும்போதெல்லாம் மட் பேலன்ஸால் சோதித்து, 0.01 வித்தியாசம் தெரிந்தால் அளவியில் 0.01 கூட்டி வைத்திருக்கிறோம். ஐந்து முறை. ஐந்து முறையும் கூட்டல். கருவியின் தற்செயல் பிழை என்றால் ஒரு முறையாவது கழித்திருக்க வேண்டும். ஐந்து கையெழுத்தில் மூன்று என்னுடையது. ஒரே திசையில் ஐந்து திருத்தம் போனது ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் வலிப்பது அதுதான்.

டிஸ்சார்ஜ் லைனின் மற்றக் குழாய்களை எங்கள் பிட்டர்கள் முறை வைத்து மூன்றில் ஒரு சுற்று திருப்பிப் போடுவார்கள். அடி தேய்ந்துவிடும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. ஆனால் அளவி இருந்த துண்டை மட்டும் ஒருவரும் தொடவில்லை. கதிரியக்க மூலம் உள்ள கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பொறுப்பு அலுவலர் இல்லாமல் கழற்றக் கூடாது. அந்த விதி மிகவும் சரியானது. அதை யாரும் தளர்த்தக் கூடாது. தவறு எங்கே என்றால், அலுவலரைக் கூப்பிட்டுக் குழாயைத் திருப்பும் வேலையை நாங்கள் பராமரிப்பு அட்டவணையில் சேர்க்கவே இல்லை. மஞ்சள் முக்கோணம் ஒட்டிய இடத்தைத் தாண்டிப் போகப் பழகிவிட்டோம். நூற்றுக்கணக்கான மீட்டர் குழாயில் மிகவும் கவனித்திருக்க வேண்டிய அந்த ஒரு துண்டு, மிகவும் கவனிக்கப்படாத துண்டாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மண் கணக்கு குறைந்து போனபோது எங்களுக்குக் கவலை வரவில்லை. கூடினால்தான் பயம். குறைந்தால், "பாறை வருது, துளைவெளி கணக்கு கொஞ்சம் மாறியிருக்கும்" என்று ஒரு விளக்கம் தயாராக இருந்தது. 7 விழுக்காடு குறைவாக மண் எடுத்துக்கொண்டு இயந்திரம் எப்படி முன்னே போக முடியும்? அந்த மண்ணைச் சுருக்கி எங்கே தள்ளியிருக்கும்? கேட்டிருந்தால் அன்றே அளவியில் வந்து நின்றிருப்போம். அதேபோல் எல்லைக்கோட்டை மட்டும் பார்த்தோம், படியைப் பார்க்கவில்லை. 93-இலிருந்து ஒரே ரிங்கில் 104. ஒரே தாவலில் 11 விழுக்காடு. தேய்மானத்தால் அப்படித் தாவ முடியாது, அது ஊர்ந்துதான் வரும். தாவியது மண்தான்.

அதன்பின் செய்தவை

புதுத் துண்டு போட்டு, வளைவிலிருந்து 3 மீட்டர் தள்ளி, கேன்ட்ரியின் ஒரு ஏணியை அகற்றி இடம் பண்ணி அளவியை மாற்றினோம். கதிரை இப்போது கிடைமட்டமாகக் குழாயின் நடுவே விட்டோம். அடியில் உருளும் கனமான கல்லைக் கொஞ்சம் தவறவிடுவோம் என்று தெரிந்தே செய்தது. அந்தத் தவறல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், தேய்மானம் அப்படி இருக்காது.

பெரிய மாற்றம் பைபாஸ் சரிபார்ப்பு. ஒவ்வொரு ரிங்கிலும் பைபாஸில் இரண்டு அளவிகளின் வித்தியாசத்தைச் சராசரி எடுத்து, அடுத்த ரிங்கின் கணக்கில் அதைக் கழித்துவிட வேண்டும். இதில் இரண்டு அளவியும் சொல்வது சரியான அடர்த்தியா என்பது இரண்டாம் பட்சம். மண் கணக்குக்கு வேண்டியது வித்தியாசம், வித்தியாசத்தின் பூஜ்யம் ரிங்குக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிறது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, ஒரு நிமிட வேலையும் நிற்கவில்லை. திருத்தம் மொத்தம் 0.01-ஐத் தொட்டால் குழாயைத் திருப்ப வேண்டும், அலுவலரைக் கூப்பிட வேண்டும் என்று அட்டவணையில் ஏற்றினோம்.

மட் பேலன்ஸை விடவில்லை. முகப்புக்குப் போகும் குழம்பின் தரத்தைப் பார்க்க அதுவும், குழம்பின் பிசுபிசுப்பைக் காட்டும் மார்ஷ் ஃபனலும் போதும், அதற்காகத்தான் அவை. அளவியோடு ஒப்பிட மட்டும், அளந்து வைத்த ஒரு லிட்டர் குடுவையும் 0.1 கிராம்வரை காட்டும் மின் தராசும் வாங்கினோம். ஒரே நேரத்தில் ஐந்து மாதிரி, ஐந்தின் சராசரி. கையால் எடுக்கும் மாதிரி எப்போதும் கொஞ்சம் ஏமாற்றும், குழாயின் எந்த உயரத்திலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கல் கூடும் குறையும். அதனால் ஒரு மாதிரியை வைத்து எதையும் திருத்தக் கூடாது என்று எழுதினேன்.

ஷாஃப்டில் (தரையிலிருந்து சுரங்கத்துக்கு இறங்கும் கிணறு போன்ற குழியில்) ஏறும் செங்குத்துக் குழாயில் இரண்டு அழுத்தமானிகளை வைத்து இன்னொரு வழியிலும் அடர்த்தி பார்த்தோம். குழம்பு நின்றிருந்தால் எளிது: 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு அழுத்தம் எவ்வளவோ, அதிலிருந்து அடர்த்தி. ஓடும்போது உராய்வும் சேர்ந்துகொள்ளும். ஏறும் குழாயில் உராய்வு கூட்டும், இறங்கும் குழாயில் கழிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தால் தள்ளுபடியாகும். ஆனால் எங்கள் இரண்டு குழாயிலும் ஓடுவது ஒரே குழம்பு அல்ல. அது மூன்றாம் தசம இடத்துக்கு வந்து சேரவில்லை, பெரிய பிழையைக் காட்டும் காவலாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

பக்கெட் எண்ணிக்கையைக் குழியின் ஓரத்தில் ஒரு கரும்பலகையில் எழுதச் சொன்னோம். ரிங் எண், பக்கெட், மணலா கல்லா. பேலோடர் ஓட்டுநர் சுண்ணாம்புக் கட்டியில் பெரிய பெரிய எழுத்தில் எழுதுவார். டிபிஎம் மேலாளர் காலை கூட்டத்துக்குப் போகுமுன் அந்தப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போவார்.

641 முதல் 716 வரை கலப்பு முகப்பு தொடர்ந்தது. அந்த 76 ரிங்கில் டிஸ்சார்ஜ் அளவி 0.008 இறங்கியது, ஒவ்வொரு படியும் பதிவில் இருக்கிறது. திருத்திய மண் கணக்கு ஒரு ரிங்கில் 106 வரை போனது. அன்று பலகையில் 38 பக்கெட், மணல். அழுத்தத்தை 0.1 பார் கூட்டி, கட்டர்ஹெட் சுற்றைக் குறைத்தோம், அடுத்த ரிங் 101. சாலையில் எந்தப் புள்ளியும் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. 717-இல் முகப்பு முழுவதும் பாறையானது.